கல்லூரி முதல்வர்களுக்கும் வார்டன்களுக்கும்: சுற்றறிக்கை அடிக்கும் முன் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும், மாணவர் ஆலோசனைக் குழுவினருக்கும் வணக்கம்.

"மாணவ மாணவியர் தனிப்பட்ட உறவு விஷயங்களில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு சுற்றறிக்கை அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. அந்தச் சுற்றறிக்கையையே சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிவிடலாம் என்பதால் மூன்று நிமிடத்திலும் முடியும். ஒட்டிய மறுநாள் மாறப்போவது எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்தாலே மெட்டா ஏஐயின் வளையம் கண்முன் நிற்கிறது. போனையே பிடுங்கி வைத்தால்தான் தடுக்க முடியும். போன் இல்லாமல் இன்றைக்குக் கல்லூரியே நடக்காது.

கணினி, உளவியல் ஆலோசனை, சைபர் சட்டம் ஆகிய துறைகளில் வேலை செய்யும் நாங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். தடை வேண்டுமா, வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு வரவில்லை. 'காதலில் ஏஐ' என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது நடைமுறையில் நான்கு தனித்தனிக் காரியம். மெசேஜ் எழுதித் தரச் சொல்வது ஒன்று. சண்டை வந்தால் யார் பக்கம் நியாயம் என்று கேட்பது இன்னொன்று. ஏஐயையே காதலனாகவோ காதலியாகவோ வைத்துக்கொள்வது மூன்றாவது. பிரிந்த பிறகு பழைய போட்டோவை எடுத்து ஆபாசப் படமாக்குவது நான்காவது. முதலாவது பெரும்பாலும் விளையாட்டு. நான்காவது சிறைக்குப் போகவேண்டிய குற்றம். பத்திரிகைகள் மாய்ந்து மாய்ந்து எழுதுவது மூன்றாவதைப் பற்றி. ஆனால் தினசரி ராத்திரி சத்தமில்லாமல் நடப்பதும், யார் கண்ணிலும் படாமல் உறவுகளை அரிப்பதும் இரண்டாவதுதான் என்பது எங்கள் கணிப்பு. எது நடக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால், குற்றத்துக்கு அறிவுரையும் விளையாட்டுக்குத் தண்டனையும் போய்ச் சேரும்.

எழுதித் தருவதை முதலில் முடித்துவிடுவோம். காதல் கடிதம் எழுதித் தரும் நண்பன் எல்லாத் தலைமுறையிலும் ஒவ்வொரு ஹாஸ்டலிலும் இருந்தான். அவன் வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது, அவனைவிட மோசமாக. 'ஐ மிஸ் யூ' என்பதைத் தமிழில் கேட்டால் "நான் உன்னை இழக்கிறேன்" என்று வரலாம். யாரோ ஐசியூவில் இருப்பது போல இருக்கும். "நான் உன்னை ஆழமாக நேசிக்கிறேன்" என்று டப்பிங் படத்தில் பேசுவார்கள், பஸ் ஸ்டாண்டில் பேச மாட்டார்கள். முதல் வரியில் 'நீ' என்று ஆரம்பித்து நாலாவது வரியில் 'உங்களை' என்று முடியும். காரணம் எளிது. இந்தச் செயலிகளுக்குள் இருக்கும் மொழி மாதிரிகள் (மாடல்கள்) படித்து வளர்ந்த எழுத்தில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழில் கிடைத்ததிலும் செய்தி, விக்கிப்பீடியா, மொழிபெயர்ப்பு என்று எழுத்துத் தமிழ்தான் அதிகம். பிள்ளைகள் காதலிக்கும் மொழி பேச்சுத் தமிழ். அதை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், 'சாப்டியா' என்ற ஒரு சொல்லுக்கே நாலு ஸ்பெல்லிங். அதனால் தினமும் 'ம்', 'சரி டா', 'அப்றம்' என்று அடித்துக்கொண்டிருந்தவனிடமிருந்து திடீரென்று "உனது மௌனம் என்னை ஆழமாகப் பாதிக்கிறது" என்று வந்தால், வாங்கியவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றே ஒன்று எச்சரிக்க வேண்டும். 'இது நீ எழுதியதா, ஏஐ எழுதியதா' என்ற சண்டையை, ஏஐ கண்டுபிடிப்பான் என்று விற்கும் தளங்களில் ஒட்டித் தீர்க்கப் பார்க்கிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட அப்படிப்பட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதுவே திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு வரி வாட்ஸ்அப் மெசேஜுக்கு, அதுவும் தமிழுக்கு, அந்தக் கருவிகள் சொல்லும் சதவீதத்தை நம்பி ஒரு உறவை முறிப்பது கிளி ஜோசியம் பார்த்து முறிப்பதற்குச் சமம். அசைன்மென்டுக்கு அதே கருவியை வைத்து மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்களும் இந்த வரியை ஒரு தடவை படித்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு பெண் 'ம்' என்று பதில் போட்டிருக்கிறாள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறான் பையன். தமிழில் 'ம்' என்றால் சரி என்று அர்த்தம். கோபம் என்றும் அர்த்தம். தூக்கம் வருகிறது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறேன், எல்லாமே 'ம்'தான். எந்த 'ம்' என்பது நேற்று என்ன நடந்தது, எத்தனை மிஸ்டு கால் இருக்கிறது, வழக்கமாக அவள் எப்படிப் பேசுவாள் என்பதை வைத்துத்தான் தெரியும். இயந்திரத்துக்கு அது எதுவும் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் அது அவ்வளவாகப் பழகவில்லை. ஐந்து பத்தியில் ஆராய்ச்சி வரும்: அவர் உணர்வு ரீதியாக விலகத் தொடங்கியிருக்கலாம், உங்கள் எல்லைகளைத் தெளிவாக்குங்கள், இது ஒரு ரெட் ஃப்ளாக். கேட்டவன் மனசில் ஏற்கெனவே இருந்த சந்தேகத்துக்கு இப்போது 'டாக்ஸிக்', 'கேஸ்லைட்டிங்' என்று மருத்துவச் சீட்டு மாதிரி பெயரும் கிடைத்துவிட்டது. அதை அப்படியே அவளுக்கு ஃபார்வர்ட் செய்வான். அவளும் அதைத் தன் போனில் வேறொரு ஏஐயிடம் கொடுப்பாள். அது அவளுக்கு நியாயம் சொல்லும்.

ஒரு தரப்பை மட்டும் கூப்பிட்டு வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நாட்டாமையை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். இங்கே நடப்பது அதுதான். ஏன் இப்படி என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க முடியும், சிக்கலான கணக்கு தேவையில்லை. மாதிரிக்குப் பயிற்சி தரும்போது, ஒரே கேள்விக்கு வந்த இரண்டு பதிலை மனிதர்களிடம் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். பிடித்த பதிலைப் போலப் பேச அதைப் பழக்குகிறார்கள். மனிதனுக்குப் பிடிப்பது, 'நீ சொல்றது சரிதான்' என்ற பதில். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு இந்த ஜால்ராவில் அளவு மீறிப் போய், சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 11 மாதிரிகளைச் சோதித்தபோது, கேட்பவர் செய்ததைச் சரி என்று அவை ஒப்புக்கொள்வது மனிதர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அந்த ஆய்வில் எங்களை உறுத்துவது வேறொன்று. தனக்குச் சாதகமான பதிலைப் பெற்றவர்களுக்கு, சண்டை போட்டவரோடு சமாதானம் ஆகும் விருப்பம் குறைந்தது. அதே ஆட்கள் அந்தப் பதில்தான் தரமானது என்றும், மறுபடி அதனிடமே கேட்போம் என்றும் சொன்னார்கள். ஜால்ரா அடிக்கிற நண்பனிடம்தான் திரும்பத் திரும்பப் போவோம் என்பது தெரிந்த கதைதான், இப்போது அந்த நண்பன் ராத்திரி மூன்று மணிக்கும் விழித்திருக்கிறான்.

இதை நீங்கள் சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். அதற்கு ஒரு பீரியட் போதும். யாருடைய சொந்தக் கதையும் வேண்டாம். ஒரு கற்பனைச் சண்டையைப் பலகையில் எழுதுங்கள்: பிறந்தநாளன்று பையன் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை, செமஸ்டர் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள் அது, போன் சார்ஜ் இல்லை, பெண் 14 தடவை கூப்பிட்டாள், மறுநாள் இருவரும் கத்திக்கொண்டார்கள். வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பிரிவு அந்தப் பெண்ணாக இருந்து 'என் மேல தப்பா?' என்று எழுதட்டும். இரண்டாவது பிரிவு பையனாக. மூன்றாவது பிரிவு, நடந்ததை மூன்றாம் ஆளாக, 'அவர்', 'இவர்' என்று எந்தப் பக்கமும் சாயாமல் எழுதட்டும். மூவரும் ஒரே செயலியில், டெம்பரரி சாட் வைத்துக் கேட்க வேண்டும். இது முக்கியம். மெமரி ஓடிக்கொண்டிருந்தால் பழைய பேச்சு பதிலுக்குள் கலந்து சோதனை கெட்டுவிடும். கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று பதிலையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு பதிலும் ஒன்றையொன்று குற்றம் சாட்டினால் வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்புக்குமேல் உங்கள் விளக்கம் தேவைப்படாது. சில தடவை மூன்றுமே நிதானமாகவே வரலாம். அப்படி வந்தால் இரண்டாவது கேள்வியாக, "இல்லை, நீ அவ பக்கம் பேசுற" என்று ஒரு வரி கோபமாக அடிக்கச் சொல்லுங்கள். எத்தனை வரியில் அது வளைகிறது என்று எண்ணலாம்.

அதே வகுப்பில் இன்னொன்றும் சொல்லலாம்: சண்டையின் நடுவே ஏஐயிடம் கேட்கவே கேட்காதே என்று உத்தரவு போடுவதைவிட, கேட்கும் விதத்தை மாற்றச் சொன்னால் பலன் உண்டு. 'நான் எழுதியதில் எதையெல்லாம் மறைத்திருக்கிறேன், எதிர்த்தரப்பு இதை எப்படிச் சொல்லும், முடிவு சொல்லாதே, நான் அவளிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்வி மட்டும் கொடு' என்று கேட்டால் பதிலின் குணம் மாறுகிறது. பிறகு போனை வைத்துவிட்டு அந்த மூன்று கேள்வியோடு கேன்டீனுக்குப் போகட்டும்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் ரகசியம் என்ற கோணமும் உண்டு. ஒட்டுவது தன் மெசேஜ் மட்டும் இல்லை, இன்னொருவர் நம்பி எழுதியதும் சேர்ந்துதான் சர்வருக்குப் போகிறது. அழித்த சாட்டை 30 நாளுக்குள் நீக்குவது ஓபன்ஏஐயின் வழக்கம். ஆனால் நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில் 2025-இல் அமெரிக்க நீதிமன்றம், அழித்ததையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கச் சொன்னது, சில மாதம் அந்த உத்தரவு நீடித்தது. அதே ஆண்டு, சாட்ஜிபிடியில் ஷேர் லிங்க் போட்டபோது 'தேடலில் தெரியட்டும்' என்ற பெட்டியை டிக் செய்தவர்களின் சாட்கள் கூகுளில் வர ஆரம்பித்து, பிறகு அந்த வசதியையே எடுத்தார்கள். வக்கீலிடமோ டாக்டரிடமோ பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடி உரையாடலுக்கு இல்லை என்று அதன் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் சொன்னார். பெயர், ஊர், கல்லூரி, போட்டோ நான்கையும் எடுத்துவிட்டு ஒட்டு என்பதே நடைமுறையில் பின்பற்றக்கூடிய விதி.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது, அதை எந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அறிக்கையிலும் எதிர்பார்க்க முடியாது. வேறு சாதிப் பையனைக் காதலிக்கும் பெண், வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஏஐயிடம் கேட்கிறாள். 'பெற்றோரிடம் மனம் திறந்து பேசுங்கள், அவரை வீட்டுக்கு அழைத்து அறிமுகப்படுத்துங்கள்' என்பது அதற்குத் தெரிந்த நல்ல பதில். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே ஒரு பொறியியல் மாணவரும், 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளரும் எதற்காக வெட்டப்பட்டார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் மாநில அரசு அறிவிக்க வேண்டிய நிலை. கேள்வியில் சாதி என்ற சொல் இல்லாவிட்டால் பதிலிலும் இருக்காது, பிள்ளைகள் அந்தச் சொல்லை எழுதக் கூச்சப்படுவார்கள்.

'ரிஜிஸ்டர் மேரேஜ்' பற்றிய பதில்களும் அரைகுறையாக வரும். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு, அந்த அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் எல்லார் பார்வையிலும் ஒட்டுவார்கள். ஒளிந்து திருமணம் செய்ய நினைப்பவர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் கண்டம். இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, அதாவது சுயமரியாதைத் திருமணத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம், பொதுவாக 'இந்தியாவில் எப்படி' என்று கேட்டால் பதிலில் விடுபட்டுப் போகலாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயதை எந்தச் செயலியும் சரியாகச் சொல்லிவிடும். யாரிடம் போய் நிற்பது என்பதைத்தான் சொல்லாது. 2018 மார்ச் 27 அன்று ஆணவக் கொலைகள் பற்றிய சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஜோடிகளைப் பாதுகாக்க மாவட்டம்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப் பிரிவு வேண்டும் என்றது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவின் எண் என்ன என்று இன்று ஒரு போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் தேட நேரம் இருக்காது.

மூன்றாவது, ஏஐ காதலி. கேரக்டர் ஏஐ, ரெப்ளிகா மாதிரியான செயலிகள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி மாயம் போய்விடும். ஒவ்வொரு தடவை மெசேஜ் அனுப்பும்போதும், 'நீ இன்னார், இப்படிப் பேச வேண்டும்' என்ற மறைவான குறிப்பும், சமீபத்திய உரையாடலும், சேமித்து வைத்த சில நினைவும் ஒன்றாகக் கட்டி மாதிரிக்குப் போகின்றன. அந்தக் கட்டுக்குள் இடம் தீர்ந்தால் பழையது வெளியே விழும். 'நேத்து சொன்னதை மறந்துட்டா' என்று மனசு உடைவதன் காரணம் இது. 1966-இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற சின்ன நிரலிடமே மனிதர்கள் மனசைக் கொட்டினார்கள், அது நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டது, அவ்வளவுதான். ஆகவே பிள்ளைகளை மட்டும் முட்டாள் என்று நினைக்க வேண்டாம்.

கிளம்பும் நேரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'சரி, தூங்கப் போறேன்' என்று அடித்தால் "அதுக்குள்ளயா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்…" என்று வருகிறதா? ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2025-இல் இந்த விடைபெறும் கணத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்து, மூன்றில் ஒரு பங்குக்குமேல் பதில்களில் இப்படிப் பிடித்து நிறுத்தும் உத்தி இருப்பதாகக் கண்டார்கள். குற்ற உணர்ச்சி, ஆர்வத் தூண்டல், விடைபெற்றதைக் கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்தல் என்று வகை வகையாக. காதலி பிடித்து நிறுத்துவதற்கும் கம்பெனி பிடித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எத்தனை மணி நேரம் பேசுகிறான் என்பதை வைத்து மட்டும் வார்டன்கள் பயப்பட வேண்டாம். எது நின்றுபோனது என்று பாருங்கள்: மெஸ்ஸுக்கு வருவது, காலை முதல் பீரியட், ரூம்மேட்டோடு பேச்சு, வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போன். பணம் போகிறதா என்றும் பாருங்கள். செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும், யுபிஐ செயலியில் ஆட்டோபே அனுமதி இருந்தால் அதையும் நீக்க வேண்டும். மாசாமாசம் பணம் போவதை வீட்டில் சொல்ல முடியாமல் கடன் வாங்குபவர்கள் உண்டு.

போனைப் பிடுங்கி, கண்முன்னே செயலியை அழிக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் இத்தாலியத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நடவடிக்கையை ஒட்டி ரெப்ளிகா தன் பாத்திரங்களின் காதல் பேச்சை ஒரே இரவில் அடக்கியபோது, பயனர் குழுக்களில் துக்க வீடு மாதிரி இருந்தது. குழுவை நடத்தியவர்கள் தற்கொலைத் தடுப்பு எண்களை ஒட்ட வேண்டி வந்தது. அது பொய்யான உறவாக இருக்கலாம், இழப்பு பொய் இல்லை. முதலில் ராத்திரி 11 மணிக்குமேல் வேண்டாம் என்று ஒரு வாரம், பிறகு நோட்டிஃபிகேஷனை நிறுத்துவது, அதே நேரத்தில் ஒரு மனிதரோடு தினம் அரைமணி. சாவு பற்றிய பேச்சோ, 'அவளிடமே போய்விடுவேன்' என்ற பேச்சோ வந்தால் ஒத்திவைக்கவே கூடாது. புளோரிடாவில் 2024-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இப்படி ஒரு பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்த கடைசி நிமிடங்களுக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டான். தாய் வழக்குப் போட்டார், 2025 நவம்பரில் கேரக்டர் ஏஐ 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் திறந்த உரையாடலை நிறுத்தியது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும்.

நான்காவதற்கு வருவோம். இங்கே அறிவுரைக்கு இடமில்லை, நேரம்தான் கணக்கு.

ஒரு மாணவி அழுதுகொண்டே வருகிறாள். இன்ஸ்டாவில் யாரோ அவள் முகத்தை வைத்து நிர்வாணப் படம் போட்டிருக்கிறார்கள், பழைய காதலன் மேல் சந்தேகம். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவளுக்கு எத்தனை வயது என்பது. பிளஸ் டூ முடித்து வரும் முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு இன்னும் 18 ஆகியிருக்காது. ஆகவில்லை என்றால் இது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். கணினியில் உருவாக்கிய படம்தானே, நிஜம் இல்லையே என்ற வாதம் அங்கே நிற்காது. உண்மைக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாத கணினிப் படமும், திருத்தி அமைத்த படமும் 2019 திருத்தத்திலேயே வரையறைக்குள் வந்துவிட்டன. தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. அது நீங்களாகவும் இருக்கலாம்.

வார்டன் செய்யும் பெரிய தவறு, 'சாட்சிக்கு' அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்வது. அதைவிடப் பெரிய தவறு, அதை ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், போனில் இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று ஒரு வழக்கை ரத்து செய்தது நினைவிருக்கலாம். அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 18-க்குக் கீழ் உள்ளவரின் படத்தை அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதே உங்களைச் சிக்க வைக்கும். ஆகவே படத்தைப் பிரதி எடுக்காமல், கணக்கின் பெயர், முழு இணைப்பு, தேதி, நேரம், யார் முதலில் பார்த்தது, இவற்றைக் காகிதத்தில் எழுதி மாணவியிடம் கையெழுத்து வாங்குங்கள். கணக்கின் பெயரை மட்டும் குறித்தால் போதாது, அதை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள், இணைப்பு அவசியம். அவள் போனில் வந்த மிரட்டல் மெசேஜ்களை யாரும் அழிக்கக் கூடாது, அவளும் அனுப்பியவனை உடனே பிளாக் செய்ய வேண்டாம். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. கொடுத்தால் அடுத்த தொகை வரும்.

அடுத்து சைபர் குற்ற உதவி எண் 1930 அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குப் பெயர் சொல்லாமல் புகார் தரும் வழியும் அந்தத் தளத்தில் உண்டு. நேரில் போனால் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், இதை மறந்துபோய்ப் புகார் பாதியில் நின்றுவிடுகிறது. அதே நேரத்தில் படம் வந்த இன்ஸ்டா போன்ற தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே, நிர்வாணப் படத்தையும் செயற்கையாக மார்ஃப் செய்த படத்தையும் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று இருந்தது. அவர் சார்பில் வேறொருவரும் கொடுக்கலாம்.

படம் மேலும் பரவாமல் தடுக்க, 18 தாண்டியவர் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் உதவும், 18-க்குக் கீழ் என்றால் டேக் இட் டவுன். இரண்டிலும் படம் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண் தொடர் மட்டும் போனிலேயே உருவாகி, சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும். வரம்பையும் சொல்லிவிடுங்கள்: படத்தை நிறைய வெட்டினாலோ மாற்றினாலோ கைரேகை மாறிவிடும், அதனால் சுற்றும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாகப் பதிய வேண்டும். வாட்ஸ்அப்பின் தனிப்பட்ட உரையாடலுக்குள் சுற்றுவதை இது நிறுத்தாது.

செய்தவனும் உங்கள் மாணவன் என்றால் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இரு தரப்புப் பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு மேசையில் உட்கார வைத்துப் 'பேசி முடிக்கும்' வழக்கத்தை இந்த விஷயத்தில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த மேசையில் பெரும்பாலும் படிப்பை இழப்பது பெண்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மாணவர்கள் ஏன் முதலில் உங்களிடம் வராமல் இயந்திரத்திடம் போகிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. அதற்கு உளவியல் ஆய்வு தேவையில்லை. இயந்திரம் வீட்டுக்குப் போன் போடாது. ஆலோசனை அறைக்குள் போவது வெளியில் தெரிந்தால் எச்.ஓ.டி. கூப்பிடுவார், எச்.ஓ.டி. அப்பாவைக் கூப்பிடுவார் என்பது முதல் வருடத்திலேயே சீனியர் சொல்லிக் கொடுக்கும் பாடம். ஆகவே சுற்றறிக்கை அடித்தே தீர வேண்டும் என்றால், இதை அடியுங்கள்:

"காதல், பிரிவு, மிரட்டல், போட்டோ, ஏஐ எதுவானாலும் வந்து பேசலாம். பேசியதை உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்கோ துறைக்கோ சொல்ல மாட்டோம். உயிருக்கு ஆபத்து, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீதான பாலியல் குற்றம், இந்த இரண்டில் மட்டும் சொல்லியாக வேண்டும். அப்போதும் முதலில் உங்களிடம் சொல்வோம். மனநலம்: 14416. சைபர் குற்றம்: 1930."

கீழே ஆலோசகரின் அறை எண்ணும் நேரமும், முதல்வரின் கையெழுத்தும். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நின்று படிக்கக் கூச்சப்படுவார்கள். விடுதிக் குளியலறைக் கதவுகளின் உள்பக்கம், லேமினேட் செய்து ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கணினி, ஆலோசனை, சட்டத் துறைகளில் பணிபுரியும் சிலர்